மணி அடித்த பிறகு தட்டவும்

தூரத்தில் இருக்கும் கம்ப்யூட்டரோடு ஒரு டெலிபிரின்டரைப் பேச வைப்பது என்பது, பாஷை தெரியாத இரண்டு சம்பந்திகளுக்கு நடுவில் உட்கார்ந்து காபி குடிக்கிற வேலை. இரண்டு பேரும் முறைப்பது நம்மைத்தான். டெலிபோன் லைனை நம்பிப் பிழைத்தவர்கள் யாராவது இதைப் படித்தால் தலையை ஆட்டிக்கொள்ளுங்கள். மற்றவர்கள் கொஞ்சம் பரிதாபப்பட்டால் போதும்.

எழுபதுகளின் பின்பாதி. எங்கள் கம்பெனியின் பெரிய கம்ப்யூட்டர் மெட்ராசில், ஏ.சி. அறை முழுவதையும் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. திருவள்ளூர் கிளை ஆபீசும் கும்மிடிப்பூண்டி தொழிற்சாலையும் அதுவரை கணக்கைத் துளைகளாகப் போட்ட அட்டைகளை டிரங்குப் பெட்டியில் வைத்து ரயிலில் அனுப்பிக்கொண்டிருந்தன. இனி அந்தந்த ஊரிலேயே டெர்மினல் வைத்து, லைன் வழியாக நேரே பேசலாம் என்று முடிவானது. டெர்மினல் என்றால் இன்றைய திரை இல்லை. தாளில் லொட்டு லொட்டென்று அடிக்கும் டெலிபிரின்டர்தான். இரண்டு ஊருக்கும் இரண்டு வேறு கம்பெனி மெஷின் வாங்கித் தொலைத்தார்கள். எந்த மெஷினானாலும் கம்ப்யூட்டரோடு இப்படித்தான் பேச வேண்டும் என்று பொதுவிதி எழுதுவது என் தலையில் விழுந்தது.

திருவள்ளூரில் மூன்று மாதம் சோதனை. தேறாவிட்டால் மெஷினும் அதன் வேலையும் மெட்ராசுக்குப் போய்விடும். ஆபரேட்டர் கனகவல்லியின் கணவர் கோவில் மடப்பள்ளியில் இருந்தார். உள்ளூரில் வேலை என்றால் சரி, ரயிலேற வேண்டுமென்றால் வேலையே வேண்டாம் என்று வீட்டில் கறாராகச் சொல்லியிருந்தார்கள். முதல் நாளே கனகவல்லி இதை என்னிடம் சொல்லிவிட்டார்.

குந்திய இடத்திலேயே

கும்மிடிப்பூண்டியில் முதல் நாள். ஸ்டோர்ஸ் சரக்குப் பட்டியலைக் கேட்டோம், கம்ப்யூட்டரும் அனுப்பியது. ஐம்பது வரிகளையும் மெஷின் ஒரே வரியில், ஒன்றின் மேல் ஒன்றாக அடித்தது. கடைசியில் அந்த இடத்தில் தாள் கிழிந்து, அடியில் இருக்கும் உருளை தெரிந்தது.

விஷயம் இதுதான். வரி முடிந்ததும் ஆரம்பத்துக்குத் திரும்பு என்பது ஒரு உத்தரவு. ஒரு வரி கீழே இறங்கு என்பது இன்னொன்று. ஒன்றைச் சொன்னால் இரண்டையும் செய்துகொள்ளும் என்று கம்ப்யூட்டர்காரர்கள் நினைத்திருந்தார்கள். இரண்டையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும் என்று முதல் விதியை அங்கேயே எழுதினேன். ஸ்டோர்கீப்பர் முனுசாமி கிழிந்த தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இன்னா சார், ஒரே எடத்துல குந்திக்கினு குத்துது. ஓட்ட போட்ட அட்டையே தேவலயே, அதுல ஓட்டயாவது எடம் பாத்து இருந்துச்சி."

ஐந்தைத் தட்டினால் ஐம்பத்தைந்து

அடுத்த மாதம் அதே முனுசாமியிடமிருந்து ஒரு புகார். ஐம்பத்தைந்து பெட்டி போல்ட் கேட்டால் ஐந்து பெட்டிதான் வருகிறதாம். நேரில் போய்ப் பார்த்தேன். எந்த எழுத்தைத் தட்டினாலும் தாளில் இரண்டு இரண்டாக விழுந்தது. நாம் தட்டுவதை மெஷின் ஒரு தரம் அடிக்கிறது. அதே எழுத்தை, வந்து சேர்ந்தது என்று காட்டுவதற்காகக் கம்ப்யூட்டர் திருப்பி அனுப்ப, அதையும் அடிக்கிறது. ஆனால் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேருவது ஒன்றுதான்.

தாளில் அடிப்பது யார் பொறுப்பு என்று முன்கூட்டியே பேசி முடிவு செய்ய வேண்டும் என்று இன்னொரு விதி எழுதினேன். மனிதர் இத்தனை நாள் எப்படிச் சமாளித்தார் என்று மட்டும் எனக்குப் புரியவில்லை. விசாரித்தேன். "அம்பத்தஞ்சி வோணும்னா ஒரு தபா அஞ்சைத் தட்னா பேப்பர்ல அம்பத்தஞ்சி வுழுது, வேல மிச்சம்னு வுட்டுட்டேன் சார்" என்றார். பன்னிரண்டு பெட்டி வேண்டுமென்றால் என்ன செய்வீர்கள் என்றேன். "அதுக்கு இன்னாத்துக்கு பேஜாரு? ஒண்ணைத் தட்டிப் பதினொண்ணா கேட்டுக்குவேன்."

முழு மனசு

மெட்ராசில் கூட்டம் போட்டு இரண்டு மெஷின் கம்பெனிப் பிரதிநிதிகளையும் எதிரெதிரே உட்கார வைத்தேன். ஒருவர் மெஷின் செய்யும் எதையும் மற்றவர் மெஷின் செய்யாது. மூன்று கூட்டம், நாற்பது டீ. கடைசியில் நான் இறங்கி வந்தேன். எந்த மெஷினும் புதிதாக எதையும் திடீரென்று செய்யக்கூடாது, முதலில் கேட்க வேண்டும் என்று விதி எழுதினேன். எதிராளி சம்மதித்தால் செய்யலாம். மாட்டேன் என்றால் கோபித்துக்கொள்ளாமல் பழைய சாதாரண முறையிலேயே பேச வேண்டும்.

அதுவரை சுவரையே பார்த்துக்கொண்டிருந்த பிரதிநிதி ஒருவர் பேனாவைத் திறந்து, அந்த விதிக்குக் கையெழுத்துப் போடும் முன் ஒரு சந்தேகம் கேட்டார்: "எங்க மெஷின் எல்லாத்துக்குமே மாட்டேன்னு சொல்லலாம் இல்லையா சார்? அப்படின்னா நாங்க முழு மனசோட ஒத்துக்கறோம்."

இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

திருவள்ளூர் நோய் வேறு. அந்த லைனில் ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் பேச முடியும். கம்ப்யூட்டர் பதில் அனுப்பிக்கொண்டிருக்கும்போது இந்தப் பக்கம் ஒரு சாவியைத் தட்டினாலும் இரண்டும் மோதி, தாளில் கன்னாபின்னாவென்று எழுத்து விழும். பதில் எப்போது முடிகிறது என்று ஊகிக்கவும் முடியாது. கம்ப்யூட்டர் நடுவில் யோசிக்கும்; முடித்துவிட்டது என்று நினைத்துக் கனகவல்லி தட்டுவார்; அது மறுபடி பேச ஆரம்பிக்கும். அரை நிமிஷம் பொறுங்கள் என்று ஒரு விதி போட்டேன், பலிக்கவில்லை. ஒரு நிமிஷம் என்று மாற்றினேன், அதுவும் பலிக்கவில்லை.

சோதனை முடிய இரண்டு வாரம்தான் இருந்தது. என் மூளை வற்றிவிட்டது என்று அவரிடமே ஒப்புக்கொண்டேன். கனகவல்லி குப்பையான தாளை மடித்து வைத்தார். "கோவில்ல ரெண்டு கோஷ்டியா பிரிஞ்சு பாசுரம் சேவிப்பா சார். இந்தப் பக்கம் கடைசியை இழுத்து விட்டாத்தான் அந்தப் பக்கம் எடுப்பா. கடியாரத்தைப் பார்த்துண்டா எடுக்கறா? உங்க கம்ப்யூட்டரையும் முடிச்சுட்டேன்னு வாயைத் திறந்து சொல்லச் சொல்லுங்கோ."

கையை எடுங்கள்

ஏழாவது விதி இப்படித்தான் பிறந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்ததும், 'இனி உன் முறை' என்று கம்ப்யூட்டர் ஒரு குறி அனுப்பும்; அது வந்ததும் டெர்மினலில் மணி அடிக்கும்; அதற்குப் பிறகுதான் தட்ட வேண்டும். பத்து நாள் ஒரு குப்பைகூட விழவில்லை. சோதனையின் கடைசி நாள் எங்கள் சீஃப் இன்ஜினீயர் மெட்ராசிலிருந்து வந்தார். ஆபரேட்டர் வேண்டாம், நானே பார்க்கிறேன் என்று நாற்காலியில் உட்கார்ந்தார். கம்ப்யூட்டர் பாதி பதிலில் இருக்கும்போதே அடுத்த கேள்வியைத் தட்டினார். குப்பை. திரும்பவும் தட்டினார். திரும்பவும் குப்பை. மூன்றாம் தரம் தாளை உருவிப் போட்டுவிட்டு, மெஷினைக் கட்டி அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள் என்றார்.

விதியை எழுதியவன் நான், அவரிடம் சொல்ல வேண்டியவனும் நான்தான். பிரமோஷன் ஞாபகம் வந்து நின்றுகொண்டிருந்தேன், வெட்கக்கேடு. கனகவல்லிதான் முன்னால் வந்தார். "சார், அது முடிக்கறதுக்குள்ளே நீங்க எடுத்துட்டேள். கையை மடியிலே வெச்சுக்கோங்கோ. மணி அடிச்சாத்தான் நம்ம முறை" என்றார். சீஃப் அவரை ஒரு தரம் பார்த்தார். பிறகு பள்ளிக்கூடப் பையன் மாதிரி இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார். கம்ப்யூட்டர் பேசியது, யோசித்தது, மறுபடி பேசியது. மணி அடித்தது. தட்டினார். அச்சுப் பிசகாமல் பதில் வந்தது. அதைக் கடைசி வரி வரை படித்துவிட்டு எழுந்தார். "மெஷின் இங்கேயே இருக்கட்டும். மெட்ராசுக்குத் திருப்பி அனுப்ப வேண்டியது என்னை மட்டும்தான்."

எட்டுப் பக்க விதிப் புத்தகத்தின் அட்டையில் என் பெயரைப் போட்டுக்கொண்டு நான் மெட்ராஸ் ரயிலைப் பிடிக்க ஓடினேன். அதிலிருந்த ஒரே உருப்படியான விதியைச் சொன்னவர், வருகைப் பதிவேட்டில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஐந்து மணிக்கு நடந்தே வீட்டுக்குப் போனார்.