எப்பாவா, எபாவா?

இக்கட்டுரையை எழுத என்னைவிடப் பொருத்தமற்றவர் எங்கள் குடும்பத்தில் இல்லை. அண்ணனின் கடைசிச் சொல்லைப் பக்கத்தில் இருந்து கேட்டவன் நான். அது தமிழா, சிங்களமா என்று ஓராண்டாகியும் தெரியாமல் விழிக்கும் மடையனும் நான்தான்.

அண்ணன் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவர். அப்பா நோயில் விழவே, எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுத் தேயிலைத் தொழிற்சாலைக்குப் போனார். அந்தக் கோபத்தையெல்லாம் கரப்பந்தின் மீது காட்டினார். பிறகு லயத்துப் பிள்ளைகள், கீழ்க் கிராமத்துச் சிங்களப் பிள்ளைகள், பசறைக் கடைத்தெரு முஸ்லிம் பிள்ளைகள் எல்லாரையும் சேர்த்து ஓர் அணி அமைத்தார். நிபந்தனை ஒன்றே: முன்பு கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடமாக இருந்து, கைவிடப்பட்டுக் கிடந்த பழைய பிள்ளைக்காம்பராவில் ஒரு மணி நேரம் புத்தகத்தோடு உட்கார்ந்தால்தான் பந்து கிடைக்கும்.

நோன்பு மாதத்தில் ஆட்டத்தை நேரத்தோடு முடிப்பார். வெசாக் பண்டிகைக்கு விளக்குக் கூடு கட்ட எல்லாரும் கிராமத்துக்குப் போவோம். தீபாவளிக்கு எல்லாரும் எங்கள் வீட்டில். அண்ணன் எல்லா மதத்தையும் மனதார மதித்தார். நான் பலகாரத்துக்காக மதித்தேன்.

பதுளையில் ஓர் இறுதியாட்டம். கடைசிப் பந்து உயர்ந்து வந்தது. அடிக்க எழும்பிய எங்கள் அணியின் சிங்கள நண்பர் சமிந்தவை உற்சாகப்படுத்த, "எப்பா! எப்பா!" என்று கத்தினேன். அவர் கையை இறக்கிவிட்டார். பந்தும் விழுந்தது, கோப்பையும் போனது. சிங்களத்தில் 'எபா' என்றால் 'வேண்டாம்'.

"நீங்கதானே எபா சொன்னது?"

"அட, ஒன்னத்தான்டா கூப்புட்டேன்!"

அண்ணன் திட்டவில்லை. "இனிமே தமிழ்ப் புள்ளைக சிங்களத்துல கத்தணும், சிங்களப் புள்ளைக தமிழ்ல கத்தணும். நீ மட்டும் எந்தப் பாஷையிலயும் கத்தாதடா" என்றார்.

அப்படிக் கத்திப் பழகிய சமிந்த இன்று ஒரு பாடசாலையில் தமிழ் ஆசிரியர்.

ஆஸ்பத்திரியில் கடைசி நாள் காலை, "அண்ணே, காம்பரா வகுப்ப இனி நான் நடத்தவா?" என்று கேட்டேன். கண் திறந்து பார்த்தார். "எப்பா..." என்றார். அவ்வளவுதான். ஆசையாகக் கூப்பிட்டாரா? அல்லது உனக்கு வேண்டாம் என்றாரா? அன்று முதல் பூட்டிக் கிடக்கும் காம்பராவின் சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைகிறேன். இதற்கிடையில் இரண்டு பிள்ளைகள் படிப்பை நிறுத்திக் கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். இதை மட்டும் என்னால் வேடிக்கையாக எழுத முடியவில்லை.

சமிந்தவிடம் கேட்டேன். "ரெண்டாவும் இருக்கலாம்" என்றார் தமிழ் ஆசிரியர்.

அண்ணனை அந்த வளைவுப் பாதையில் குலுங்காமல் பதுளைக்குக் கொண்டு சேர்த்த ஓட்டுநருக்கும், துக்க வீட்டில் தேநீர் ஊற்றிய கிராமத்துப் பெண்களுக்கும், பசறையிலிருந்து சோறு அனுப்பிய நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

இதுவரை எழுதியதை நேற்று மாலை அண்ணியிடம் வாசித்துக் காட்டினேன். "நீங்களே சொல்லுங்க அண்ணி, அவரு என்னதான் சொன்னாரு?" என்றேன். அண்ணி சொல்லியனுப்பி வந்த ஏழெட்டுப் பிள்ளைகள் புத்தகப் பைகளோடு வாசலில் நின்றிருந்தார்கள்.

"சாவிய எடுங்க, புள்ளைங்க நிக்கிதுங்க."