சுவரின் தொப்பையும் மதலைமுத்துவின் வாயும்

பாபநாசம் தச்சர் மதலைமுத்துவின் வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது, வாய்தான் அடங்காது. கோணலைக் கண்டால் கோணல் என்று சொல்லிவிடுவார். மனைவி ஃபிளோராவின் அண்ணன், கொத்தனார் டேவிட்சன் எழுப்பிய ஒரு சுவரைப் பற்றியும் அப்படிச் சொல்லப்போய், இரண்டு குடும்பமும் இரண்டு வருடம் முகம் பார்க்காமல் கிடந்தன. போன ஈஸ்டருக்குத்தான் சமாதானம் ஆனது. உலக நாடுகள் கவனிக்கத் தவறிய உடன்படிக்கை அது.

இந்த நேரம் பார்த்து, சிங்கப்பூரிலிருந்து திரும்பிய ஜெயபாரதி, தன் புது வீட்டுக் கூடத்தில் சுவரடியைச் சுற்றித் தேக்குப் பலகையில் ஸ்கர்ட்டிங் வேண்டும் என்றார். சுவர், டேவிட்சன் கட்டியது.

“எங்கண்ணன் செவுத்தப் பத்தி ஒரு வார்த்த வரக்கூடாதுங்க. மறுபடி சண்டைன்னா நான் தாங்க மாட்டேன்” என்று ஃபிளோரா சோற்றுத் தூக்கோடு எச்சரிக்கையையும் கொடுத்தனுப்பினாள்.

மதலைமுத்து பலகையைச் சுவரடியில் நிறுத்தினார். சுவருக்கு நடுவில் தொப்பை. பலகை அதில் முட்டிக்கொண்டு இரண்டு முனையிலும் விலகி நின்றது. ஜெயபாரதி இடைவெளியில் விரலை விட்டுப் பார்த்தார்.

“ஏண்ணே, பல்லி குடித்தனமே நடத்தலாம் போலருக்கே! வளைஞ்சது செவுரா, பலகையா?”

உண்மை தொண்டைவரை வந்து முட்டியது. பொய் சொன்னால் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்து மன்னிப்பு வாங்கிக்கொள்ளலாம். மச்சான் கோபத்துக்குத் திருச்சபையில் எந்த ஏற்பாடும் இல்லை.

“பலகதாம்மா” என்றார்.

பிறகு ஒரு சிறு மரத்துண்டோடு பென்சிலைச் சேர்த்துப் பிடித்து, சுவரை உரசியபடி நகர்த்தி, அதன் நெளிவை அப்படியே பலகையின் மேல்விளிம்பில் வரைந்தார். அந்தக் கோடுவரை பலகையின் முதுகை இழைத்தார். தொப்பைக்கு நேரே பலகை மெலிந்தது. மற்ற இடத்தில் தடித்தே நின்றது. சேர்த்து அடித்ததும் முன்பக்கம் நூல் பிடித்தாற்போல் நேர். சுவரின் பாவத்தையெல்லாம் பலகை முதுகில் வாங்கிக்கொண்டது.

பால் காய்ச்சிய அன்று டேவிட்சன் புது வேட்டி சரசரக்க வந்து குனிந்து பார்த்தார்.

“பாத்தீங்களா மாப்ள நம்ம செவுர! கண்ணாடியாட்டம் நிக்கிது. உங்க பலகதான் இங்க தடிப்பா, அங்க மெலிசா... கண்ணு மங்குதோ?”

மதலைமுத்து வாயைத் திறந்தார். திறந்த வாயில் ஃபிளோரா ஒரு முழு மெதுவடையைத் திணித்தாள். கூடத்தில் அமைதி நிலவியது.

மென்று விழுங்கிவிட்டு, “மரம் அப்புடி மச்சான்” என்றார்.

டேவிட்சன் நெகிழ்ந்துபோய் அவர் தோளில் கை போட்டார். “கவலப்படாதீங்க. திருக்கடையூர்ல ஒரு மாடி வீடு கட்டுறேன். ஸ்கர்ட்டிங் பூரா உங்களுக்குத்தான். செய்யச் செய்ய வேலை கைக்கு வந்துரும்.”

மதலைமுத்து மனைவியின் பக்கம் அவசரமாகத் திரும்பினார்.

“இன்னொரு வட இருக்கா?”