பிலோமினாவின் சப்பாத்தில் இருந்த தேள்

பினாங்கில் தாதிப் பயிற்சி பெறும் நானும் பிலோமினாவும் ஒரே அறையில் தங்கியிருக்கிறோம். பிரசவ வார்டுப் பொறுப்பு எனக்குக் கிடைக்கும் என்றிருந்தேன். எனக்கு இளையவளான அவளுக்குக் கிடைத்தது. அந்தச் சந்தோஷத்தில் அவள் அண்ணன் வெள்ளைச் சப்பாத்து வாங்கித் தந்தார். எனக்கு வயிறு எரிந்தது.

அவள் குளிக்கப் போனபோது அதில் காலை நுழைத்துப் பார்த்தேன். பெருவிரலில் நெருப்பு வைத்தாற்போல் சுரீரென்றது. காலை வெளியே இழுத்தேன்; உள்ளே கொடுக்கு தெரிந்தது. "தேள்!" என்று அலறி உட்கார்ந்துவிட்டேன்.

"ஐயோ அக்கா, தேளா? எங்க கொட்டுச்சு?" என்று ஓடிவந்தாள்.

"பெருவிரல்ல. வெளியே விறகடுக்குகிட்ட," என்று பொய் சொன்னேன். கொட்டிய இடத்தைக் கழுவுவது, ஈரத்துணி சுற்றுவது, காலை அசைக்காதிருப்பது என்று சிகிச்சையெல்லாம் வரிசையாகத் தெரிந்த எனக்கு உண்மை மட்டும் வாயில் வரவில்லை.

அவளே ஈரத்துணி சுற்றிவிட்டாள். பிறகு வேலைக்கு நேரமாகிறதென்று சப்பாத்தை எடுத்தாள்.

"போடாதே! தேள் அதுக்குள்ளதான் இருக்கு!" என்று கத்தினேன்.

சப்பாத்தைத் தரையில் தட்டினாள். கருந்தேள் விழுந்தது. துடைப்பக்கட்டையால் அதை அடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனே லா! உங்க காலுக்கு அது பத்தவும் பத்தாது."

இப்போது எந்தச் சப்பாத்தையும் தட்டிப் பார்க்காமல் நான் போடுவதில்லை. வார்டுப் பொறுப்பை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. ஆனால் அதை மறைக்காமல் அவளிடமே சொல்லிவிடுகிறேன்.