நான் சந்தேகப்பட்ட படிவங்கள்

நான் பொருளாதாரப் பேராசிரியர். ஏற்காட்டில் நாகலூர் எஸ்டேட் பெண்கள் வேறு வேலைக்குப் போக விரும்புவதில்லை என்பதுதான் எனக்கு டாக்டர் பட்டம் வாங்கித் தந்த ஆய்வின் முடிவு. என் மாணவி கவிதா அதே நாகலூரில் தன் ஆய்வுக்காகக் கேட்டு எழுதிவந்த படிவங்களிலோ, ஏறக்குறைய எல்லாப் பெண்களும் போகவே விரும்பினார்கள். வீட்டிலேயே உட்கார்ந்து நிரப்பியிருப்பாள் என்று சந்தேகப்பட்டேன். அவற்றில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டு, அவளுக்குத் தெரியாமல் நாகலூருக்குப் பஸ் ஏறினேன்.

காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்த ராசம்மாளிடம், "கவிதான்னு ஒரு பொண்ணு இங்க வந்துச்சாம்மா?" என்று கேட்டேன்.

"நாலு நாளு எங்ககூடப் பழம் பறிச்சுக்கிட்டே பேசுச்சுங்க" என்றவர், என்னை உற்றுப் பார்த்தார். "ஏனுங்க, முன்ன எஸ்டேட் ஜீப்புல வந்து இதையே கேட்டது நீங்கதானுங்களே?"

"ஆமாம். அப்ப யாருமே போக மாட்டோம்னு சொன்னீங்களே?"

"எங்களுக்கு வேலை போடற ரைட்டரு உங்க பக்கத்துலயே நின்னாருங்க. அவரு முன்னால வேற என்னத்தைங்க சொல்றது?"

வழிகாட்டியதற்காக அந்த ரைட்டருக்கு ஆய்வேட்டில் நன்றிகூட எழுதியிருந்தேன்.

மறுநாள் கவிதாவிடம் மன்னிப்புக் கேட்டுக் கையெழுத்திட்டேன். என் முடிவு தவறு என்று அவள் ஆய்வில் எழுதவும் சொன்னேன்.

"நெஜமாவா சார்?" என்று நம்பாமல் பார்த்தாள். அவள் சந்தேகப்பட்டதில் தவறில்லை. நான்தான் என்னை ஒருமுறைகூடச் சந்தேகப்பட்டதில்லை.