மூன்று பக்கம் தண்ணீர்

கரும்பலகையில் நான் வரைந்த முதல் தீபகற்பம் அரேபியாவும் அல்ல, இத்தாலியும் அல்ல. கேரளத்து மலையில் சாந்தன்பாறைக்குப் பக்கத்தில், அணைத் தண்ணீருக்குள் நாக்கை நீட்டியது போல் கிடந்த எங்கள் எஸ்டேட் மலைதான் அது. எஸ்டேட் பள்ளிக்கூடத்துக்கு அப்போது நான் ஒற்றை வாத்தியார். ஜன்னலைத் திறந்தால் பாடம் வெளியே கிடக்கும். மூன்று பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் நிலம் என்று கையைக் காட்டினால் போதும். பிற்பாடு பாலக்காட்டுக்குக் கிழக்கே ஒரு தமிழ்ப் பள்ளியில் ஓய்வு பெறும்வரை பூகோளம் நடத்தினேன். அங்கே ஒரு மாணவி எழுந்து, "ஏனுங் சார், அந்த நாலாவது பக்கத்துல என்னங்க இருக்கும்?" என்று கேட்டாள். "அங்கதாம்மா அடி விழும்" என்று வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, நிலம் இருக்கும் என்றேன்.

உலகப் படத்தை மாட்டியதும் மற்றவர்கள் தீபகற்பத்தின் நுனியைப் பார்ப்பார்கள். நுனியில் கோயில் இருக்கும், கலங்கரை விளக்கம் இருக்கும், சூரிய உதயம் பார்க்கக் கூட்டம் இருக்கும். என் கண் அது நிலத்தோடு ஒட்டும் கழுத்துக்குத்தான் போகும். கொரியாவின் இடுப்பில் கோடு கிழித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துப்பாக்கி நட்டார்கள். கிரிமியா ஒரு நூலில் தொங்குகிறது. அதைப் பிடிக்க வந்த படைகள் பலவும் அந்த நூலில்தான் முட்டி மோதின. இத்தாலிக்கும் ஸ்பெயினுக்கும் கழுத்தில் மலை குறுக்கே நிற்கிறது, ஆனாலும் படைகள் ஏறி இறங்காமல் விடவில்லை. கழுத்து எவன் பிடியில் இருக்கிறதோ, உடம்பும் அவன் பிடியில்தான். பூகோளப் புத்தகத்தில் இதைத் தேடினால் கிடைக்காது. என் மதினி வீட்டு வாசலில் நின்று நான் பார்த்தது இது.

மதினி என் அண்ணன் மனைவி. சங்கரன்கோயில் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு மலையேறியவள். கொழுந்து பறிப்பாள், தேயிலைச் செடியை வெட்டிக் கழிக்கும் கவாத்துக் காலத்தில் ஆம்பிளைகளுக்குச் சமமாகக் கத்தி வீசுவாள். நாக்கு அந்தக் கத்தியைவிடக் கூர்மை. "வாத்தியாருக்கு வாய்க்குத்தான் வேல, கைக்கு வருசம் பூரா லீவு" என்று என்னைச் சீண்டாமல் அவள் சோறு போட்டதில்லை. அண்ணன் நேர்மாறு. ஊரே அதட்டிப் பேசினாலும் அவர் குரல் ஏறாது. அதனால்தானோ என்னவோ எல்லாரும் அவர் சொன்னதைக் கேட்டார்கள்.

எழுபதுகளின் நடுவில் ஒரு மழைக்காலம். தோட்டத்தில் வேலை வாங்குகிறவரைக் கண்டக்டர் என்போம். அந்த ஆள், நடை தளர்ந்து பின்தங்கிய நிறைமாதக்காரி ஒருத்தியைக் கூடையோடு எட்டி உதைத்தான். வயிற்றுப் பிள்ளை தங்கவில்லை. அவனை வெளியேற்றாமல் ஒருவரும் கொழுந்தில் கை வைக்க மாட்டோம் என்று அண்ணன் முன்னால் நின்றார். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகள் அத்தனையும் அவர் பின்னால் நின்றன. நிர்வாகம் பேச்சுக்கே வரவில்லை. மலை குறுகி ரோட்டைத் தொடும் இடத்தில் ஓர் இரும்புக் கேட் உண்டு. நிர்வாகம் அதைப் பூட்டி, வெளியாட்களைக் கம்பும் சைக்கிள் செயினுமாக உட்காரவைத்தது. மற்ற மூன்று பக்கமும் அணை தளும்பிக்கொண்டிருந்தது. அரிசி உள்ளே வரவில்லை, வைத்தியத்துக்கு ஆள் வெளியே போக முடியவில்லை. பிள்ளைகள் காட்டுக் கிழங்கைத் தோண்டித் தின்று வயிறு வலித்துக் கிடந்தன. ரேஷன் கேட்கப் போன மதினியிடம் கேட்டில் இருந்தவன் ஒருவன், "ஒம் புருசன் இந்தக் கழுத்தத் தாண்டுனா பொணமாத்தான் தாண்டுவான்" என்றான். அன்றிலிருந்து அவள் கவாத்துக் கத்தியைத் தலைமாட்டில் வைத்துத்தான் படுத்தாள்.

எஸ்டேட்டில் பொழுது சேவலில் விடியாது, சங்கில் விடியும். சங்கு ஊதியதும் கேட்டருகே இருக்கும் களத்தில் பெரட்டுக்கு நிற்க வேண்டும். ஆள் எண்ணி வேலை பிரிக்கிற இடம் அது. பாட்டன் காலத்திலிருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்த சனம். காது கேட்பதற்கு முன்னால் கால் கேட்டுவிடும். வேலைநிறுத்தம் தொடங்கியதிலிருந்து ஊமையாகக் கிடந்த சங்கை ஒரு விடியலில் நிர்வாகத்து ஆட்கள் ஊதினார்கள். அரைத் தூக்கத்தில் சனம் கூடையை மாட்டிக்கொண்டு நடந்தது! சத்தியமாகச் சொல்கிறேன், ஒருவருக்கும் யோசனை ஓடவில்லை. அண்ணனே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

"எங்க போறிய? நாமதான ஸ்ட்ரைக்கு பண்ணுதோம்?" என்றாள் மதினி.

அண்ணன் நின்றார். களத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "ஏளா, சனம் பூரா களத்துக்குப் போகுதே! திருப்பிக் கூட்டியாரேன்."

"போவாதிய! ஒங்களத்தான் தேடுதானுவ!"

அவர் ஓடிவிட்டார். மதினி கத்தியை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள். அவளுக்குப் பின்னால் நான்.

களத்தில் அடி தொடங்கியிருந்தது. கூடைகள் நசுங்கிக் கிடந்தன. ஒரு கிழவர் தாடை தொங்கி உட்கார்ந்திருந்தார். செயின் பட்டு ஒரு பெண்ணின் காது கிழிந்து ரத்தம் தோளில் வடிந்தது. என் தோளிலும் ஒரு கம்பு விழுந்தது, நான் சேற்றில் விழுந்தேன். விழுந்த இடத்திலிருந்து பார்த்தால், அண்ணனைக் கீழே தள்ளி ஆட்கள் சுற்றி நின்று மிதிக்கிறார்கள். ஒருவன் தலையைக் குறிபார்த்துக் கம்பை இறக்கினான். அவன் மறுபடி ஓங்குவதற்குள் மதினி வெட்டினாள். செடியை வெட்டும் அதே சாய்வான வெட்டு. கம்பும் கையும் சேர்ந்தே விழுந்தன.

அவன் "யாத்தே" என்று அலறியதும் எல்லாரும் நின்றுவிட்டார்கள். எங்கள் பேச்சு, எங்கள் சனம். அடுத்த மலையில் கொழுந்து பறிக்கிறவளின் மகன். மதினி தலைத்துண்டை அவிழ்த்து அவன் கையின் மிச்சத்தை இறுக்கிக் கட்டினாள். தங்கள் ஆளைக் காப்பாற்ற அவர்களே கேட்டைத் திறந்து எஸ்டேட் லாரியை உள்ளே விட்டார்கள். அவனை ஏற்றியதும் அவள் லாரிக்கு முன்னால் போய்க் கத்தியோடு நின்றாள்.

"எம் புருசன ஏத்தாம வண்டி நவுந்துச்சு, டிரைவரையும் வெட்டுவேன்."

ஏற்றினார்கள். எங்களுக்குப் பெரிய ஆசுபத்திரி என்றால் அன்று மலைக்குக் கீழே தமிழ்நாட்டுப் பக்கம் இருக்கும் போடிதான். இரண்டு தலைகளையும் இரண்டு தொடையில் வைத்துக்கொண்டு மதினி லாரியின் பலகையில் உட்கார்ந்திருந்தாள். எல்லைச் செக்போஸ்ட்டைத் தாண்டி வளைவில் இறங்கும்போது அண்ணன் போய்விட்டார். மற்றவன் பிழைத்துக்கொண்டான்.

அடித்தது கேரளத்தில், செத்தது தமிழ்நாட்டில். இந்தப் போலீஸ் அங்கே போ என்றது, அந்தப் போலீஸ் இங்கே போ என்றது. செருப்புத் தேய நடந்தேன். செத்தவனுக்குக் கேஸ் இல்லை, பிழைத்தவனுக்கு மட்டும் கேஸ் இருந்தது. மதினி கூண்டில் ஏறினாள். கை போனவன் சாட்சி சொன்னான். வெட்டியது இவள்தானா என்று கேட்டார்கள், ஆமாம் என்றான். கட்டுப் போட்டது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கடைசியில் அவளிடம் ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று நீதிபதி மலையாளத்தில் கேட்டார், மொழிபெயர்க்க நின்ற ஒருவர் அதைத் தமிழில் சொன்னார்.

"வெட்டுனது நாந்தான்யா, மறைக்கல. எம் புருசனக் கொன்ன கேச எப்ப எடுப்பிய?"

மொழிபெயர்க்கிறவர் நீதிபதியைப் பார்த்து மலையாளத்தில், குற்றத்தை ஒப்புக்கொள்கிறாள் என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எனக்கு மலையாளம் தெரியும். எழுந்து கத்தினேன். என்னை வெளியே இழுத்துப் போட்டார்கள். அவளை ஜெயிலுக்கு அனுப்பினார்கள். அந்த ஆத்திரம் எனக்கு இன்றுவரை தணியவில்லை, தணியவும் வேண்டாம்.

இப்போது அந்தக் கழுத்தில் ஒரு விடுதி இருக்கிறது. மூன்று பக்கமும் தண்ணீர் தெரியும் அறைகள் என்று விளம்பரம் செய்கிறார்கள். மதினி என் வீட்டில் இருக்கிறாள். பார்வை மங்கிவிட்டது, ஆனால் கறுப்புக் கோட்டு மட்டும் எப்படியோ தெரிந்துவிடும். போன மாதம் எதிர்வீட்டு வக்கீல் பையன் கோட்டைக்கூடக் கழற்றாமல் கோர்ட்டிலிருந்து நேரே கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தான். மதினி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, எம் புருசன் கேச எப்ப எடுப்பிய?"

வயசானால் இப்படித்தான் என்கிற சிரிப்போடு அவன் என்னைப் பார்த்தான்.

"என்னை எதுக்குப் பார்க்கிறே? அவங்க கேட்டதுக்குப் பதில் சொல்லு" என்றேன்.

அவன் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான். மதினி கையை விடவில்லை.