சூரியநெல்லி லயத்தில் என் தங்கை எடுத்த கார்ட்டூன்

கேசட்டின் அடியில் வாயை வைத்து ஊதினால் நாக்கு நுனியில் இரும்பு ருசி ஒட்டும். டிவியில் வீடியோ கேம் மாட்டி விளையாடியவர்களுக்கு அது மறக்காது...

எங்களிடம் இருந்தது சண்டை போடும் கேசட் இல்லை. கார்ட்டூன் செய்கிற கேசட்.

சின்னக்கானல் ரிசார்ட்டில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலையில் இருந்தார் அத்தை. அங்கே தங்கியிருந்த ஒரு குடும்பம் ஊருக்குக் கிளம்பும்போது அந்த வீடியோ கேம் பெட்டியை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனது. கூடவே அந்த ஒரே கேசட்.

மாட்டினால் ஒரு காடு வரும். வீடு, நாய், பாம்பு, பாறை, பானை எல்லாம் வரிசையாக நிற்கும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஜாய்ஸ்டிக்கால் நகர்த்தினால் அந்த நகர்வை அப்படியே ஞாபகம் வைத்துக்கொள்ளும். பின்னணிக்கு ஒரு மெட்டும் சேர்க்கலாம்.

ஒரே குறை... சேவ் கிடையாது. பெட்டி அணைந்தால் படமும் போய்விடும்.

அந்த வருடம் மழை ஓய்ந்ததும் எங்கள் லயத்துக்கு யானை வந்தது. லயம் என்றால் எஸ்டேட் தொழிலாளர் வீடுகளின் வரிசை. எங்கள் சமையலறைச் சுவரைத் தள்ளி, அரிசிப் பானையை இழுத்துக்கொண்டு போனது. யாருக்கும் அடி இல்லை. ஆனால் என் தங்கை மல்லிகா அந்தச் சுவரை ஒட்டித்தான் உட்கார்ந்திருந்தாள். தும்பிக்கை உள்ளே வந்ததைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

அதற்குப் பிறகு அவள் வாசலைத் தாண்டவில்லை. பள்ளிக்கூடம் நின்றுபோனது. அம்மா தேயிலைக் கொழுந்து எடுக்கப் போனாலும் மனசெல்லாம் வீட்டில்தான்.

டிவி முன்னால் மட்டும் உட்காருவாள். ஒருநாள் பார்த்தால், பெரிய சாம்பல் பாறை ஒன்றோடு சின்னப் பாறையை ஒட்டிவைத்திருந்தாள். பிறகு பாம்பை எடுத்துச் சின்னப் பாறையில் தொங்கவிட்டாள்.

"என்னடி செய்யுத?" என்றேன்.

"ஆனை. இந்தக் கேசட்டுல ஆனை இல்லைல்லா... அதான்."

எனக்குப் புல்லரித்துவிட்டது. ஆளுக்கொரு ஜாய்ஸ்டிக்கோடு உட்கார்ந்தோம். நான் பாறைகளை நகர்த்த, அவள் பாம்பை ஆட்டினாள். யானை நடந்தது.

பாதிப் படம் முடிந்தபோது கரண்ட் போனது. திரும்பி வந்தபோது வெறும் காடுதான் இருந்தது. மல்லிகா அழவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நேராக அத்தை வீட்டுக்குப் போனார். அத்தை வீட்டு மாமா ஜீப் டிரைவர்.

"அண்ணே, ஒங்க ஜீப்புல பேட்டரியில தான பாட்டு பாடுது? அதே மாதிரி இந்தப் பெட்டிக்கும் குடுக்க முடியுமா?"

மாமா கொஞ்சம் யோசித்தார். "பழைய பேட்டரி ஒண்ணு கெடக்கு தங்கச்சி. சார்ஜ் ஏத்தித் தாரேன்."

அதன் பிறகு கரண்ட் போனால் டிவிதான் இருட்டாகும். பெட்டியின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். மறுபடி முதலிலிருந்து எடுத்தோம்.

எஸ்டேட் கிளப்பின் ஆண்டுவிழா நெருங்கியது. ஒவ்வொரு லயத்துக்கும் ஒரு நிகழ்ச்சி. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற இடத்தில் அம்மா எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்: "எங்க லயத்துக்கு மல்லிகா படம் போடுவா."

"பொம்மப் படமா? பேசாம ஒரு டான்ஸ வையி" என்று சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் நான் கேட்டேன். "அவ வெளியவே வர மாட்டாளேம்மா. நான் போயி போடட்டா?"

"படம் அவளோடது. அவதான் போடணும்."

விழா அன்று மத்தியானம் மாமாவும் அம்மாவும் ஒரு பலகையில் பேட்டரியையும் பெட்டியையும் வைத்துத் தூக்கினார்கள். டிவியைக் கழற்றியாயிற்று. பெட்டி மட்டும் உயிரோடு இருந்தது.

"ஒயரு லூசா இருக்கு மல்லிகா. யாராவது புடிச்சுக்கிட்டே வரணும்" என்றார் மாமா.

நான் கையை நீட்டினேன். அம்மா கண்ணாலேயே வேண்டாம் என்றார்.

மல்லிகா வாசலைப் பார்த்தாள். சிவப்பு விளக்கைப் பார்த்தாள். பிறகு எழுந்துவந்து ஒயரைப் பிடித்துக்கொண்டாள்.

தேயிலைக்கு நடுவில் பனிமூட்டத்தில் இறங்கினோம். வளைவில் யூக்காலி மரங்களுக்குள் ஏதோ சரசரத்தது. அவள் அப்படியே நின்றுவிட்டாள். யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. உள்ளேயிருந்து ஒரு பசுமாடு எட்டிப் பார்த்தது. அவள் ஒயரை மட்டும் விடவில்லை. "போலாம் மாமா" என்று அவளே சொன்னாள்.

கிளப்பின் கலர் டிவியில் மாட்டியதும் காடு வந்தது. பாறை யானை ஆடி அசைந்து நடந்தது. சுவரைத் தள்ளிப் பானையைத் தூக்கியது. கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் முன்னால் நகர்ந்தார்கள். அவர்களில் பாதிப்பேர் எங்கள் உடைந்த சுவரைப் பார்த்தவர்கள்.

அப்போது படத்தில் ஒரு குட்டி நாய் வந்து குரைத்தது. யானை திடுக்கிட்டுப் பானையைக் கீழே வைத்துவிட்டு, ஒரு குத்தாட்டம் போட்டுக்கொண்டே காட்டுக்குள் ஓடியது.

சிரிப்பு கூரையைத் தூக்கியது. அன்றைக்கு டான்ஸ் வைக்கச் சொன்ன அக்காதான் முதலில் எழுந்தார். "மறுக்கா போடு புள்ள."

மல்லிகா மறுக்கா போட்டாள். கேட்கக் கேட்கப் போட்டாள். பயத்தில் சுருங்கிக் கிடந்த என் தங்கை, அத்தனை பேருக்கும் நடுவில் நிமிர்ந்து நின்றாள். அம்மா கை தட்டவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் மாமா கேட்டார்: "பேட்டரி இன்னும் தாங்கும். அப்படியே எரியட்டுமா?"

"வேண்டாம் மாமா. அடுத்த படம் எடுக்கணும்லா" என்று அவளே பட்டனை அணைத்தாள். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போனாள்.

இப்போது மல்லிகாவின் மகள் போனிலேயே கார்ட்டூன் செய்கிறாள். "சேவ் பண்ண வேண்டாம் பெரியம்மா, அதுவே சேவ் ஆயிரும்" என்கிறாள். நன்றாகவே செய்கிறாள். என் போனில் அவள் அனுப்பியவை நிறைய இருக்கின்றன... சிலவற்றை இன்னும் திறந்துகூடப் பார்க்கவில்லை.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தோம். பஸ் ஸ்டாண்டில் காய்கறி விற்கும் ஒரு அக்கா மல்லிகாவை உற்றுப் பார்த்தார்.

"நீ கிளப்புல படம் போட்ட புள்ளதான?"

அந்தப் படம் இன்று எங்கேயும் இல்லை. ஒரே ஒரு சாயங்காலம் ஓடியது, அவ்வளவுதான்.

"ஆமாக்கா. நாந்தான்" என்றாள் மல்லிகா, பஸ்ஸுக்கு நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி.