அக்கா கேட்டுத் தேர்ந்த கடவுள்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பாதிப் பேர் கோயிலுக்குப் போகிறவர்கள். மீதிப் பேர் தேவாலயத்துக்குப் போகிறவர்கள். ஓராண்டுக்கு முன் எங்கள் அக்காவை வழியனுப்ப நீங்கள் எல்லோரும் ஒரே பந்தலில் நின்றீர்கள். சிலர் கோபத்தோடு நின்றதும் எனக்குத் தெரியும். அக்கா ஏன் மதம் மாறினார் என்று அன்று பலர் என்னிடம் கேட்டீர்கள். நின்றபடி சொல்லி முடிகிற கதையல்ல அது. உடன்பிறந்தவன் எழுதாவிட்டால் தெரியாதவர்கள் ஏதேதோ சொல்லிவிடுவார்கள்.

அக்கா பிறந்தது திட்டக்குடிக்கு அப்பால், நம் பக்கத்து மங்களூர் வட்டாரத்தில் ஒரு சிற்றூரில். வானம் பார்த்த நிலம். சோளமும் பருத்தியும்தான் விளைச்சல். மாசி மகத்துக்கு அப்பா எங்கள் இருவரையும் விருத்தாசலத்துக்கு, பழமலைநாதர் கோயிலுக்கு அழைத்துவருவார். ஒருமுறை, இந்த ஊரில் உயிர் விடுகிறவர்களுக்கு அம்பாள் முந்தானையால் விசிறிவிட, சுவாமியே காதில் மந்திரம் சொல்லிக் கரையேற்றுவார் என்று குருக்கள் சொல்லிக்கொண்டிருந்தார். அக்காவுக்கு அப்போது பத்து வயது இருக்கலாம்.

"அப்ப திட்டக்குடியில சாவறவங்க என்ன பாவம் பண்ணாங்க சாமி?" என்று கேட்டுவிட்டார்.

அப்பா தலையில் ஒரு குட்டு வைத்தார். குருக்கள் சிரித்துவிட்டு, கூடுதலாக ஒரு வாழைப்பழம் கொடுத்தார். ஊர் திரும்பும் பஸ்ஸில் அக்கா என் காதில், "பதிலு சொல்லலடா. பழம் குடுத்துட்டாரு" என்றார். அந்தப் பழத்தை நான்தான் தின்றேன்.

பள்ளியிறுதி முடித்ததும் அக்காவுக்குத் திருமணம். மாமா இங்கே விருத்தாசலம் தொழிற்பேட்டையில் சிறிய பீங்கான் பட்டறை வைத்திருந்தார். மின்பெட்டியில் மாட்டும் ஃபியூஸ் கேரியர்களும் அலமாரியில் வைக்கும் பொம்மைகளும் செய்வார்கள். ஆரம்பத்தில் ஆள் வைக்க வசதியில்லை. அக்காவே மண் குழைப்பார், அச்சிலிருந்து எடுத்தவற்றின் ஓரம் சீவுவார், வெந்த சரக்கை வைக்கோலில் சுற்றி அடுக்குவார். பனிக்காலத்தில் அவர் விரல்களெல்லாம் வெடித்திருக்கும். பட்டறை கொஞ்சம் நிமிர்ந்து, வேலைக்குப் பத்துப் பேர் வந்த பிறகும் அவர் தனியாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

குழந்தை இல்லாத ஏக்கத்தில்தான் அக்கா கிறிஸ்தவ வேதத்துக்குப் போனார் என்று உறவினர் சிலர் பேசினார்கள். அது உண்மையில்லை. அந்தத் துக்கம் அவருக்கு இருந்தது. அதற்காக அவர் எந்தக் கடவுளிடமும் பேரம் பேசவில்லை. அவருக்கு இருந்தது தெரிந்துகொள்ளும் ஆசை. தைப்பூசத்துக்கு வடலூர் போய் ஜோதி பார்த்தார். பசித்தவருக்குச் சோறு போடும் அந்த இடத்தைக் கடைசிவரை மதித்தார். பக்கத்து வீட்டு முஸ்லிம் அம்மாவிடம் தமிழில் மொழிபெயர்த்த அவர்கள் வேதத்தை வாங்கிப் படித்தார். படித்தால் மட்டும் போதாது என்று ஒரு ரம்ஜானில் சில நாள் அவர்களோடு நோன்பும் இருந்தார். மாமா என்னிடம், "உங்க அக்கா பரீட்சைக்குப் படிக்கறாடா. எந்தப் பரீட்சைன்னுதான் தெரியல" என்று கேலி செய்வார்.

பட்டறைக்குப் பேக்கிங் வேலைக்கு வந்த ஒரு பெண் சாப்பாட்டு நேரத்தில் சின்ன வேதபுத்தகம் ஒன்றைப் படிப்பார். அதை அக்கா இரவல் வாங்கினார். அவரை நிறுத்தியது அதில் வரும் அற்புதங்கள் அல்ல. சிலுவையில் தொங்குகையில் இயேசு, ஏன் என்னைக் கைவிட்டாய் என்று கடவுளையே கேட்கும் இடம்தான். அதைப் பற்றி நெய்வேலியில் இருந்த எனக்கு போன் செய்தார். "சாமியே கேள்வி கேட்டிருக்காருடா. இனிமே என்னை யாரு வாய மூடச் சொல்றது?" என்றார். அந்தக் குரலில் இருந்த மகிழ்ச்சியை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

அதற்காக உடனே ஓடிப்போய் ஞானஸ்நானம் எடுக்கவில்லை. முதலில் போன ஜெபக்கூடத்தில், எடுப்பதானால் தாலியைக் கழற்ற வேண்டும் என்றார்கள். "கட்டினவரு வூட்ல இருக்காரு. கழட்டணும்னா அவர வந்து கேளுங்க" என்று சொல்லி எழுந்து வந்துவிட்டார். பிறகு ஊரின் பழைய தேவாலயத்துக்குப் போனார். அங்கே அப்படிக் கேட்கவில்லை. அங்கும் ஆயரை அவர் சும்மா விடவில்லை. எனக்கு முன்னாலேயே ஒருநாள் ஆயர், "எல்லாரும் ஜெபக் குறிப்போட வராங்க. நீங்க மட்டும் கேள்வித்தாளோட வரீங்கம்மா" என்று சொல்லிச் சிரித்தார். கேள்விகளுக்குப் பதில் கிடைத்த பிறகும் அக்கா தள்ளிப்போட்டதற்குக் காரணம் மாமா. கணவர் மனதாரச் சரி என்று சொல்லாமல் எடுக்க மாட்டேன் என்று இருந்தார். மாமா சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. வருடங்கள் போயின.

இதற்கிடையில் சூளை விஷயம் வந்தது. சரக்கு அடுக்கி முடித்து நெருப்பு மூட்டும் முன் வீட்டுப் பெண் சூடம் ஏற்றிக் காட்டுவது அந்தப் பட்டறையில் வழக்கம். திருமணமான நாளிலிருந்து அக்காதான் காட்டிவந்தார். ஒருநாள் மாமாவிடம், "ஏங்க, இனிமே நான் சூடம் ஏத்துனா அது நடிப்பா இருக்கும். நடிக்கறது உங்க சாமிக்கும் மரியாதை இல்ல" என்றார். மாமா தட்டை வாங்கித் தானே ஏற்றினார். சில வாரம் மாமா சாப்பாட்டைப் பட்டறைக்கே அனுப்பச் சொன்னார். சூளை மட்டும் வழக்கம்போல நன்றாக வெந்துகொண்டிருந்தது.

அந்த ஆண்டு ஐப்பசி மழையில் ஒரு சூளைச் சரக்கு முழுக்க விரிசல் விட்டது. பெரிய ஆர்டர். செய்தி கேட்டு நான் போனபோது உடைசல் முற்றம் முழுக்கக் குவிந்து கிடந்தது. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, "உன் புருசன் பொழப்புல மண்ண போட்டுட்டியேடி" என்று அழுதுகொண்டிருந்தார். சூளை மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டு, "வூட்டம்மா கை படாத சூளைங்க. வேற எப்படி இருக்கும்" என்றார். எல்லோரும் அக்காவைத்தான் பார்த்தோம்.

அக்கா மாமாவின் முன்னால் போய் நின்றார். "நீங்க வேணாம்னு சொல்லுங்க, ஞானஸ்நானத்துக்கு இன்னும் எத்தினி வருசம்னாலும் காத்திருக்கேன். சூடம் ஏத்தறேன்னு மட்டும் சொல்ல மாட்டேங்க."

மாமா குவியலிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

"மேஸ்திரி, ரெண்டு வருசம் முன்னாடி ஒரு சூளை போச்சே. அன்னிக்கு சூடம் ஏத்தினது யாரு?"

"அம்மாதாங்க."

"அன்னிக்கு யாரும் அவள ஒரு வார்த்தை கேக்கலியே." துண்டைக் கீழே போட்டார். "மண்ணு ஈரம் காயல. ஆர்டருக்கு நேரமாச்சுன்னு அடுக்கச் சொன்னது நானு." பிறகு அக்காவைப் பார்த்து, "ஆயரு எந்தத் தேதி சொல்றாருன்னு கேளு. நானும் வரேன்" என்றார்.

ஞானஸ்நானத்தன்று நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு கடைசி பெஞ்சில் மாமா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நான். அக்கா திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

அதன் பிறகும் அக்கா யாரையும் இழுக்கவில்லை. மாசி மகத்துக்குப் பட்டறையில் விடுமுறை விட்டு, முன்பணம் கொடுத்தனுப்புவது அவர்தான். அம்மா இறந்தபோது காரியம் முடியும்வரை எங்கள் வீட்டிலேயே இருந்து வந்தவர்களுக்கெல்லாம் சமைத்துப் போட்டார். எங்களையும் மாற்றிவிடுவாயா என்று நான் ஒருமுறை கேட்டதற்கு, "நீ மொதல்ல ஒரு கேள்வியாவது கேளு. அப்புறம் பாக்கலாம்" என்றார். என் மகள் அவரிடமே அதிகம் வளர்ந்தாள். அத்தையைப் போலவே எதற்கெடுத்தாலும் ஏன் என்பாள். நாளைக்கு வரன் பார்க்கும்போது இவள் குணமும் அக்காவின் மதமும் சேர்ந்து பேச்சாகுமோ என்ற பயம் எனக்கு உண்டு. அந்தப் பயம் இன்னும் போகவில்லை. அக்காவைக் குறைத்து நினைக்க மட்டும் அது என்னை விட்டதில்லை.

சிறுநீரகம் பழுதாகி, கடைசி இரண்டு ஆண்டு வாரந்தோறும் புதுச்சேரி மருத்துவமனைக்குப் போய்வந்தார். முனகியதில்லை. ஒருநாள் படுக்கையில் மாமாவிடம், "என்னை எங்க வைக்கறதுன்னு சண்டை வந்தா, உங்களுக்கு எது முடியுதோ அத செய்யுங்க" என்றார். சண்டை வரவே செய்தது. மணிமுத்தாற்றங்கரைக்குக் கொண்டுபோய் எரிக்க வேண்டும் என்று மாமாவின் பங்காளிகள் நின்றார்கள். மாமா உரக்கப் பேசவில்லை. "அவ அத்தினி வருசம் கேட்டு முடிவு பண்ணத நான் ஒரு மத்தியானத்துல மாத்த மாட்டேங்க" என்றார். தேவாலயக் கல்லறையில் அக்காவை வைத்தோம்.

அன்று கோபத்தை அடக்கிக்கொண்டு கல்லறை வரை வந்த பங்காளிகளுக்கும், பெட்டியைத் தோளில் சுமந்த மேஸ்திரிக்கும் பட்டறைத் தொழிலாளர்களுக்கும், புதுச்சேரியில் அக்காவைத் தங்கள் தாயைப் போலப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டு அம்மாவுக்கும், அக்காவின் எந்தக் கேள்விக்கும் சலித்துக்கொள்ளாத ஆயருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

மாமாவுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. ஞாயிறுதோறும் அக்காவை வண்டியில் தேவாலய வாசலில் இறக்கிவிட்டு, ஆராதனை முடியும்வரை வேப்பமரத்தடியில் காத்திருப்பார். அக்கா போன பிறகும் அதே நேரத்துக்குப் போகிறார். பாட்டெல்லாம் கேட்டுவிட்டுத் தனியாக வண்டியைக் கிளப்பிக்கொண்டு வீட்டுக்கு வருகிறார். போன ஞாயிறு என் மகளும் கூடப் போனாள். உள்ளே போகாமல் ஏன் இங்கேயே நிற்கிறீர்கள் என்று அவரைக் கேட்டிருக்கிறாள்.

"உங்க அத்தை அத்தினி வருசம் எடுத்துக்கிட்டாளே. எனக்கு மட்டும் என்ன அவசரம்?" என்றாராம் மாமா.